கோழிக்குக் கட்டின லாட்ஜ்

(மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் ரோட்டில், செக்கானூரணிக்கு உள்ளடங்கின ஒரு ஊர். சித்திரை மாசம், காலை ஒன்பதரை மணி. சோலைமலை, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாண்டியம்மா, அடுத்த வீடு. முறைக்கு அவருக்கு மதினி. கோழி சமாச்சாரத்தில் அந்தத் தெருவே இந்தம்மா பேச்சைத்தான் கேட்கும்.)

சோலைமலை: மதினி, ஒரு கணக்கு சொல்றேன், கேளுங்க. ஆறு கோழி. நாளைக்கு ஆறு முட்டை. மாசம் 180. இந்த மாசம் எனக்குக் கிடைச்சது நாலு. அதுலயும் ஒண்ணு கடையில வாங்குனது.

பாண்டியம்மா: கடை முட்டையை எதுக்குக் கணக்குல சேத்தீக?

சோலைமலை: கோழிகளுக்குக் காட்டுறதுக்கு வாங்குனேன். முட்டைன்னா இப்படித்தான் இருக்கணும்னு.

பாண்டியம்மா: நல்லாப் படிச்சுக் குடுத்தீக. மொதல்ல அந்த 180-ஐக் கிழிச்சுப் போடுங்க. இது சிறுவிடை, சின்ன ரக நாட்டுக்கோழி. வருசத்துக்கு 60, மிஞ்சிப் போனா 80 முட்டை. பத்துப் பதினஞ்சு இட்டதும் அடைக்கு உக்காந்துரும். ஆறு கோழிக்கு நாளைக்கு ஒண்ணு, நல்ல நாளா இருந்தா ரெண்டு. அதுக்கு மேல ஆசைப்பட்டா வனராஜான்னு கூடுதலா முட்டை இடுற ரகம் இருக்கே, அதை வாங்கியிருக்கணும்.

சோலைமலை: அந்த ஒண்ணும் வரலையே. சேவல் இல்லாததுனாலதான்னு எங்க வீட்ல சொல்லுது.

பாண்டியம்மா: குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேணும். முட்டைக்கு எதுக்குச் சேவல்? கொண்டையைப் பாருங்க, நாலுக்கு ரத்தச் செவப்பா இருக்கு. முட்டை இடுற கோழிக்குத்தான் அப்படிச் செவக்கும். போடாம இல்ல கொழுந்தனாரே. உங்க கண்ணுல படாம போடுது.

சோலைமலை: ஏன் மதினி, ஒளிஞ்சு போடுற அளவுக்கு நான் என்ன கொறை வச்சேன்? வந்து பாருங்க. ஆசாரியைக் கூப்பிட்டு, ப்ளைவுட்ல, ரெண்டடிக்கு ரெண்டடி ரூமு. உள்ள மைக்கா. ராத்திரி பகலா எல்.இ.டி. பல்பு. பஞ்சுத் தலகாணி. வாசல்ல உக்காந்து காத்து வாங்க ஒரு குச்சி. நாலடி உசரத்துல, கதவுக்கு நேர் எதிர்க்க. உள்ள நொழைஞ்சதும் கண்ணுல படணும்ல?

பாண்டியம்மா: (சுற்றிப் பார்த்துவிட்டு) இது லாட்ஜு. கோழி இதுல ரூம் போட்டுத் தூங்கியிருக்கு. தலகாணி பூராம் எச்சம்.

சோலைமலை: அதுதான் எனக்கும் புரியல. தூங்க மட்டும் வருதுக. முட்டைக்கு வெளிய போயிருதுக.

பாண்டியம்மா: ராத்திரி கோழி எது ஒசக்க இருக்கோ அதுலதான் அடையும். நீங்க முட்டைப் பொட்டியை நாலடியில வச்சு, அடையுற கம்பை ரெண்டடியில கட்டியிருக்கீக. தலைகீழா மாத்துங்க. பொட்டி ஒண்ணரை அடி, கம்பு மூணடி. கம்பு ரெண்டு இஞ்ச் தடிமன் இருக்கட்டும், ஒரு கோழிக்குப் பத்து இஞ்ச் நீளம் விட்டா தள்ளுமுள்ளு இருக்காது. பொட்டிக்கு மேல ஏறி அடையாம இருக்க அதோட கூரையைச் சரிவாப் போடுங்க. வாசல்ல இருக்க அந்தக் குச்சியைப் பிடுங்குங்க, அதுல உக்காந்துதான் உள்ள கழியுது.

சோலைமலை: பல்பு?

பாண்டியம்மா: நீங்க குளிக்கையில எவனாவது டார்ச் அடிச்சா சும்மா இருப்பீகளா?

சோலைமலை: பல்பைக் கழட்டிருறேன்.

பாண்டியம்மா: முட்டை வர்ற நேரத்துல அதுக்கு இருட்டு வேணும், ஒதுக்குப்புறமா இருக்கணும், மேலயும் பக்கத்துலயும் மூடியிருக்கணும். அதனாலதான் வைக்கோல் படப்புக்கு அடியிலயும் கருவ முள்ளுக்குள்ளயும் நொழையுது. அந்தப் படப்பை உள்ள கொண்டாந்து வச்சுட்டா அது ஏன் வெளிய போகுது? ஒரு சாண், அதான் 12 இஞ்சுன்னு வைங்க...

சோலைமலை: ஒரு சாண் ஒம்பது இஞ்ச் மதினி.

பாண்டியம்மா: உங்க கைக்கு ஒம்பது. டேப்பு வச்சு அளந்து 12 இஞ்ச் அகலம், 12 ஆழம், 12 உசரம். ரெண்டடி விட்டீகன்னா ரெண்டு கோழி சேந்து நொழைஞ்சு மிதிச்சு ஒடைக்கும். நாலஞ்சு கோழிக்கு ஒரு பொட்டி கணக்கு. உங்களுக்கு ரெண்டு போதும். வாசல்ல நாலு இஞ்சுக்கு வரம்புப் பலகை, இல்லாட்டி வைக்கோலும் முட்டையும் உருண்டு கீழ வரும். கதவு வெளிச்சம் படாத மூலையில வச்சு, முன்னால பழைய சாக்கை நாலு கீத்தாக் கிழிச்சுப் பாதி வரைக்கும் தொங்க விடுங்க.

சோலைமலை: தலகாணிக்குப் பதிலு?

பாண்டியம்மா: அடியில காஞ்ச மணல் ரெண்டு இஞ்ச், மேல காஞ்ச வைக்கோல் நாலு இஞ்ச். நடுவுல கையால குழிச்சு விடுங்க. ஈர வைக்கோல் ஆகாது, பூசணம் பிடிக்கும். வாரம் ஒருக்கா அள்ளிக் கொளுத்திட்டுப் புதுசு போட்டு, நாலு கொத்து நொச்சித்தழையை அடியில வைங்க. செள்ளுப்பூச்சி ஏறிட்டா எவ்வளவு சொகுசாக் கட்டியிருந்தாலும் கோழி அந்தப் பொட்டியில கால் வைக்காது. நாம ஆயிரம் காரணம் யோசிப்போம். அது அரிப்புத் தாங்காம ஓடியிருக்கும்.

சோலைமலை: சரி. அந்தக் கடை முட்டையை உள்ள வைக்கலாமா?

பாண்டியம்மா: யோசனை சரி, சரக்குத்தான் தப்பு. ஏற்கெனவே முட்டை கிடக்குற இடத்துலதான் அடுத்த கோழியும் போடும். ஆனா இந்த வெயிலுக்கு நெச முட்டை கூமுட்டையாப் போகும். ஒடைஞ்சா கோழி ருசி பாத்துரும். ருசி கண்ட கோழி அப்புறம் தான் போட்டதையே கொத்தும். அதனால டம்மி.

சோலைமலை: பேரன் டேபிள் டென்னிஸ் பந்து வச்சுருக்கான்.

பாண்டியம்மா: கனமில்ல, காலால தட்டி வெளிய விட்டுரும். முட்டை அளவுல வழவழப்பான கூழாங்கல் போதும். இல்லாட்டி ஒரு முட்டையில ஓட்டை போட்டு உள்ள இருக்கதை எடுத்துட்டு, கழுவிக் காயவச்சு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைச்சு ஊத்துங்க. இறுகினதும் பொட்டிக்கு ரெண்டு வைங்க. இப்பச் சொல்லுங்க, காலையில எத்தனை மணிக்குத் தொறந்து விடுறீக?

சோலைமலை: டான்னு அஞ்சரை. பர்ஸ்ட் ட்ரிப். முப்பது வருசப் பழக்கம்.

பாண்டியம்மா: லாட்ஜைவிட இதுதான் பெரிய கோளாறு. கோழி பெரும்பாலும் விடிஞ்சு ஆறு மணி நேரத்துக்குள்ள முட்டை போடும். அந்த நேரம் பூராம் நீங்க அதை ஊர் சுத்த விட்டுட்டு, முட்டை வெளியில போயிருச்சேன்னு பொலம்புறீக. பத்தரை, பதினோரு மணி வரைக்கும் உள்ள இருக்கட்டும். அப்புறம் பொழுது சாயுற வரைக்கும் எங்கிட்டு வேணா மேயட்டும்.

சோலைமலை: பாவம், அதுவரைக்கும் அடைச்சு வைக்கிறதா?

பாண்டியம்மா: எடம் இருந்தா என்ன பாவம்? ஒரு கோழிக்கு நாலு சதுர அடி. உங்க கூடு ஆறுக்கு நாலு, ஆறு கோழிக்குச் சரியா வருது. ஆனா மேல தகரம். சித்திரை வெயில்ல தகரத்துக்கு அடியில பதினோரு மணி வரைக்கும் பூட்டுனா முட்டை வராது, உசுரு போகும். தென்னங்கீத்தை ரெண்டு வரிசையா மேல வேயுங்க. ரெண்டு பக்கம் பலகையை எடுத்துட்டு அரை இஞ்ச் கம்பி வலை அடிங்க. பெரிய கண்ணு வலை வேணாம், அது கோழியை நிறுத்தும், கீரியையும் சாரையையும் நிறுத்தாது. மண்சட்டியில தண்ணி. தனிச் சட்டியில கிளிஞ்சல் தூள், இல்லாட்டி முட்டை ஓடு தோல் மாதிரி மெல்லிசா வரும். வாயைப் பொளந்து இறக்கையை விரிச்சு இளைச்சுதுன்னா மணி பாக்காமத் தொறந்து விட்டுருங்க.

சோலைமலை: இதுகளுக்கு வெளியில போட்டுப் பழகிருச்சே?

பாண்டியம்மா: மொத அஞ்சாறு நாளு வெளியிலயே விடாதீக. தீனி, தண்ணி, முட்டை எல்லாம் உள்ள. அப்புறம் பத்தரைக்கு விடுங்க. சாயங்காலம் ரெண்டு கைப்பிடி கம்பு, குருணை எது இருக்கோ, அதைக் கூட்டுக்குள்ள மட்டும் எறைங்க. வெளியில எறைச்சா அடைய வராது, முருங்கை மரத்துல ஏறிக்கிரும்.

சோலைமலை: எல்லாம் பதினோரு மணிக்குள்ள போட்டுருமா?

பாண்டியம்மா: அங்கனதான் சூது. ஒரு முட்டைக்கு 24-லருந்து 26 மணி நேரம். இன்னைக்கு ஏழு மணிக்குப் போட்டது நாளைக்கு எட்டு, அடுத்து ஒம்பதுன்னு தள்ளிக்கிட்டே போகும். ரொம்பத் தள்ளிப் போச்சுன்னா ஒருநாள் போடாது.

சோலைமலை: வீக்லி ஆஃப்.

பாண்டியம்மா: அப்படித் தள்ளிப் போறவதான் பன்னெண்டு மணிக்கு வேலியில போடுவா. அதுக்குத்தான் காலையில தடவிப் பாக்குறது. ஓடு கட்டவே இருவது மணி நேரம் ஆகும். அதனால இன்னைக்குப் போட வேண்டிய முட்டை காலையிலயே கையில கெட்டியாத் தட்டும். முட்டை இருக்கவளை வைக்கோல் போட்ட பஞ்சாரக் கூடைக்குள்ள கவுத்துட்டு, இல்லாதவளை விட்டுருங்க. போட்டு முடிச்சதும் அவளே கேறி, அதான் கொக்கரிச்சு, சொல்லுவா. அப்பத் தொறங்க.

சோலைமலை: (ஒரு கோழியைப் பிடித்து) இருங்க, பாக்குறேன். மதினி! இருக்கு! உருண்டையா, நல்லாப் பெருசா!

பாண்டியம்மா: எங்கன கை வச்சுருக்கீக?

சோலைமலை: கழுத்துக்குக் கீழ.

பாண்டியம்மா: அது தீனிப்பை. இப்பத் தின்ன சோளம். முட்டை முன்வாசல் வழியாவா வரும்? கோழியை எடது கக்கத்துல இடுக்குங்க. வாலுக்குக் கீழ, ரெண்டு இடுப்பெலும்புக்கு நடுவுல, விரல் நுனியால பைய அமுக்குங்க. உள்ளல்லாம் விரலை விடாதீக. அழுத்தி உள்ளயே முட்டை ஒடைஞ்சா சீழ் வச்சுச் செத்துப்போகும்.

சோலைமலை: எலும்பு இருக்கு... ஒண்ணுமில்ல... ஆங்! கல்லு மாதிரி! மதினி, நெசமாவே இருக்கு!

(சந்தோஷத்தில் கையைத் தளர்த்துகிறார். கோழி குதித்து ஓடுகிறது.)

பாண்டியம்மா: வெரட்டாதீக! நல்லதாப் போச்சு. முட்டை முட்டிக்கிட்டு இருக்கவளைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சு விட்டா, மேயாது, நேரா தன்னோட எடத்துக்குத்தான் போகும். பத்தடி தள்ளியே வாங்க. சத்தத்தை வச்சுத் தேடுனா ஏமாந்துருவோம். போட்டுட்டுத் தள்ளி வந்துதான் கேறுவா.

சோலைமலை: படப்புப் பக்கம் போகலையே. வேலிக்கும் போகல. மதினி... பின்வாசல் வழியா எங்க வீட்டுக்குள்ள போகுது.

பாண்டியம்மா: போறா பாருங்க, வீட்டுக்காரி கெணக்கா.

(உள்ளறை. கட்டிலுக்கு அடியில் இரண்டு பேரும் குனிந்து பார்க்கிறார்கள்.)

சோலைமலை: என் டிரங்குப் பொட்டி! காக்கி யூனிபாரம் வச்சுருந்தேன். மூடி எப்பப் பிஞ்சுச்சுன்னே தெரியல.

பாண்டியம்மா: அவ எந்திரிக்கிற வரைக்கும் சத்தம் போடாதீக. இருட்டு இருக்கு. மேல கட்டில் மூடியிருக்கு. அடியில மெத்துன்னு துணி. வரம்புகூட இருக்கு. நான் சொன்ன அளவை எல்லாம் உங்களுக்கு முன்னால அவ கண்டுபிடிச்சுட்டா.

(கால் மணி நேரம் கழித்துக் கோழி எழுந்து, வாசல் தாண்டிப் போய்க் கேறுகிறது.)

சோலைமலை: பதினேழு! ஒத்தக் கோழி போட்டதா இதெல்லாம்?

பாண்டியம்மா: ஒருத்தி தொடங்குனா மத்தவளும் அங்கனதான் வருவா. ராத்திரி கோழி எல்லாம் அடைஞ்சப்புறம் இந்தப் பொட்டியை யூனிபாரத்தோட தூக்கி, கூட்டுக்குள்ள மூலையில வைங்க. ரெண்டு டம்மியும் போடுங்க. இந்தக் கட்டிலுக்கடியில நெல்லு மூட்டையை வச்சு அடைச்சுருங்க, இல்லாட்டித் திரும்ப வருவா.

சோலைமலை: யூனிபாரம்...

பாண்டியம்மா: இனிமே எந்த பஸ்ல ஏறப் போறீக? முட்டையை வாளித் தண்ணியில விடுங்க. படுத்துக் கிடந்தா புதுசு. குத்தா நின்னா பழசு, தனிக் கிண்ணத்துல ஒடச்சு மோந்து பாத்துட்டுப் போடுங்க. மெதந்தா தூரப் போடுங்க.

சோலைமலை: ஏழு படுத்துருக்கு. ஆறு நிக்குது. நாலு மெதக்குது.

பாண்டியம்மா: அந்த நாலையும் ஒடைக்காம, கொல்லைக்குக் கொண்டு போயிக் குழி தோண்டி...

(டப்.)

பாண்டியம்மா: ஒடச்சுட்டீகளா?

சோலைமலை: கை வழுக்கிருச்சு மதினி. சன்னலைத் தொறங்க. அப்படியே எங்க வீட்டுக்காரி எங்க இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.