சிரித்துப் பயமுறுத்தும் பொம்மைகள்

திருவிழாக் கடைகளில் நூறு ரூபாய்க்குத் தவழும் பொம்மை ஒன்று விற்கிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. உதட்டுச் சாயம் கன்னத்தில். பட்டனை அமுக்கினால் யாரோ கழுத்தை நெரிப்பதுபோல் ஒரு சிரிப்பு. குழந்தை வீறிட்டு அழுகிறது. சத்தத்தைக் குறைக்கவும் வழி கிடையாது. அட்டைப்பெட்டிப் படத்தில் மட்டும் வேறு ஏதோ ஓர் அழகான பொம்மை!

சரி, முகம்தான் அப்படி என்றால் உடம்பு அதைவிட மோசம். முதல் நாளே சக்கரம் கழன்று குழந்தையின் வாய்க்குப் போகிறது. பேட்டரி மூடிக்கு ஒரு ஸ்க்ரூகூட இல்லை. நகத்தால் நெம்பினால் திறந்துகொள்கிறது. உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி. குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடம் வெந்து புண்ணாகிவிடலாம். இதைத்தான் 'மூன்று வயது முதல்' என்று அச்சடித்து விற்கிறார்கள்.

14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2021 ஜனவரி முதலே அமலில் இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "நூறு ரூபாய்க்கு அதெல்லாம் எங்க சார் வரும்?" என்பார்.