பொன்னாடை எட்டாத தோள்கள்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில், சபையார் எல்லாரும் சேர்ந்து உண்கிற அசனப் பண்டிகை வந்துவிட்டால் ஊழியர்களைக் கனப்படுத்துவதற்குக் குறைவே இருக்காது. ஆலய வாசலில் பதாகை, மேடையில் பொன்னாடை, வரவேற்புரையில் அடைமொழிகள் என்று எல்லாம் தாராளமாக நடக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் விடியற்காலையில் மணியடித்து ஆலயத்தைத் திறந்து, மாலையில் ஜெபம் நடத்தி, வீடு வீடாகப் போய் நோயாளிகளைச் சந்தித்து, நள்ளிரவில் சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிற, குருப்பட்டம் பெறாத ஊழியரான உபதேசியாரின் தோளுக்கு அந்தப் பொன்னாடை பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. அன்றைக்கும் அவர் பந்தியில் வாளி தூக்கிக்கொண்டுதான் நிற்பார்.

திருநெல்வேலித் திருச்சபையின் அடித்தளமே உபதேசிமார்தான். 1799இல் உருவான முதலூரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற தாவீது சுந்தரானந்தம் ஓர் உபதேசியார். 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் குருவானவரான ஆரோனும் அதற்கு முன்பு உபதேசியாராக உழைத்தவர்தான். 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று பெயர் பெற்ற வே. ச. அசரியா, வெள்ளாளன்விளையில் குருவானவரின் வீடான குருமனையில் பிறந்த பிள்ளை. அவர்கள் காலத்துச் சபையார் செல்வந்தர்கள் அல்லர். சோற்றுக்கு உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து ஊழியத்தைத் தாங்கிய பெண்கள்தான் எங்கள் ஊர்களில் அதிகம்.

இன்று அரிசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெளியூரிலிருந்து ஒரு நாள் நற்செய்திக் கூட்டத்துக்கு வருகிற பிரபல போதகருக்குக் கனத்த உறை கொடுக்கிற கமிட்டி, குருமனையின் ஒழுகும் தளத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றால் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்கிறது. (அடுத்த ஆண்டுக்குள் அங்கே குடியிருக்கிற குருவானவருக்கு மாற்றல் வந்துவிடும் என்பதும் கமிட்டிக்குத் தெரியும்.) நன்றாய் விசாரணை செய்கிற மூப்பர்கள் இரட்டிப்பான கனத்திற்குப் பாத்திரர் என்று 1 தீமோத்தேயு 5:17இல் எழுதிய பவுல், மறு வசனத்திலேயே போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்கிறார், வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்கிறார். நாம் முதல் வசனத்தைப் பதாகையில் அச்சிட்டு, அடுத்ததைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

எல்லா ஊழியரும் உண்மையுள்ளவர்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகமான திருமண்டலத்தின் தேர்தல் காலத்தில் நாம் பார்க்கிற காட்சிகள் போதும். அதற்கும் அதே அதிகாரத்தில் வழியுண்டு: இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் பிராதை ஏற்கக் கூடாது, பாவம் செய்தது உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும். நாமோ டீக்கடையில் சாட்சியில்லாமல் தீர்ப்பெழுதுகிறோம், சபைக் கூட்டத்தில் வாய் மூடியிருக்கிறோம். ஒரு நல்ல குருவானவரைச் சோர்ந்துபோகச் செய்வதற்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை.

ஓய்வுபெறும் நாளும் ஒன்று இருக்கிறது. வாழ்நாளெல்லாம், ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதியான சேகரம் விட்டுச் சேகரம் மாறிக் குருமனைகளில் குடியிருந்தவர், அன்றைக்குச் சாவியை ஒப்படைத்துவிட்டு வாடகை வீடு தேடுகிறார். தனிச்சபை நடத்துகிற பாஸ்டர்களில் பலருக்கு ஓய்வூதியம் என்ற பேச்சே கிடையாது. ஆகவே இந்த ஆண்டு அசனக் கணக்கு வாசிக்கிற கூட்டத்தில், மிச்சத் தொகையில் ஒரு பங்கை உபதேசியாரின் மருத்துவக் காப்பீட்டுக்கும், இன்னொரு பங்கை அவர் பெயரில் நிரந்தர வைப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்கப் போகிறேன். வழிமொழிய நம் சபையாரில் சிலராவது எழுந்து நிற்க வேண்டும்.