சந்தேகம் வந்தால் புள்ளியை மறுபடி ஆட வேண்டுமா?
நடுவர் இல்லாத டென்னிஸ் லீக் ஆட்டங்களில், பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததா என்பதில் சந்தேகம் வந்தால் அந்தப் புள்ளியை மறுபடி ஆடுவதே விதி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் அது தவறு. அமெரிக்க டென்னிஸ் சங்கமான யுஎஸ்டிஏ இத்தகைய ஆட்டங்களுக்கென வைத்திருக்கும் ‘தி கோட்’ என்னும் நெறிமுறையின்படி, தன் பக்கம் விழும் பந்தைக் குறித்து முடிவு சொல்லும் பொறுப்பு அந்தப் பக்கத்து ஆட்டக்காரருடையது. வெளியே என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியாத பந்து உள்ளே விழுந்ததாகவே கொள்ளப்படும்.

ஆட்டம் 40-30 என்றிருக்கையில், பின்கோட்டை ஒட்டி விழுந்த பந்தைத் தொட முடியாமல் நின்றுவிட்டு, “சரியாகத் தெரியவில்லை, திரும்ப ஆடலாமா?” என்று கேட்பது பெருந்தன்மை போல ஒலிக்கும், உண்மையில் அது எதிராளி வென்ற புள்ளியை அவரிடமிருந்து பறிப்பதாகும். இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் வெளியே என்று கூவ, இணையாளர் உள்ளே விழுந்ததைக் கண்டிருந்தால், பந்து உள்ளேதான் (அதன்பின் இருவரும் ஒரே காரில் வீடு திரும்புவது வேறு கதை). மறுபடி ஆடுவது, பக்கத்து ஆடுகளத்துப் பந்து உருண்டு வந்து குறுக்கிடுவது போன்ற இடையூறுகளுக்கு உரியது. அதையும் உடனே குரல் கொடுத்துக் கேட்க வேண்டும்.