ரோஹான் குடும்பம்: மண் ஒரு வழி, பெயர் ஒரு வழி, பட்டம் ஒரு வழி

இணையத்தில் சுற்றும் வம்சாவளிப் படங்கள் பிரான்சின் ரோஹான் குடும்பத்தை, வடமேற்கு பிரான்சில் உள்ள பிரிட்டனியின் முதல் அரசன் என்று சொல்லப்படும் கொனான் மெரியாதெக்கிலிருந்து ஒரே கோடாக இழுத்து வருகின்றன. இதை ஏற்க முடியாது. கொனான் புராண மனிதர். 1479இல் பிரிட்டனி சபையில் யாருக்கு முதலிடம் என்ற போட்டி வந்தபோது, ரோஹான் வைகவுண்ட் (ஒரு பிரபுப் பட்டம்) இரண்டாம் ழானுக்கு அந்தக் கதை தேவைப்பட்டது. ஆவணங்களில் குடும்பம் தென்படுவது 12ஆம் நூற்றாண்டில்தான். பிரிட்டனியில் உள்ள பொரோவே நிலத்தின் வைகவுண்டுடைய இளைய மகன் அலேன், தன் பங்கில் ரோஹான் கோட்டையைக் கட்டினார்.

பங்கு பிரிந்து வந்த சொத்து பிறகு ஏன் சிதறவில்லை? 1185இல் பிரிட்டனி கோமகன் ஜெஃப்ரி போட்ட சட்டம் முக்கிய காரணம். பெரும் பிரபு நிலத்தைப் பிரிக்கக்கூடாது, மூத்தவருக்கே முழுதும். மகன் இல்லையென்றால் மகளுக்கு.

சிக்கல் பட்டத்தில் வந்தது. 1603இல் நான்காம் ஆன்ரி மன்னர் ரோஹானை டியூக்-பேர் (பிரபுக்களில் மிக உயர்ந்த தகுதி) நிலமாக உயர்த்தினார். நிலம் மகளுக்குப் போகும், இந்தப் பட்டம் போகாது. 1638இல் புராட்டஸ்டண்ட் தளபதி ஆன்ரி தெ ரோஹான் போர்க் காயத்தால் இறந்ததும் பட்டம் அற்றுப்போனது; நிலம் மகள் மார்கெரித்துக்கு. 1645இல் அவர் தன்னைவிடத் தாழ்ந்த தகுதியுள்ள கத்தோலிக்கர் ஆன்ரி ஷாபோவை மணந்தார். பிள்ளைகள் ரோஹான் பெயரையும் சின்னத்தையும் தாங்க வேண்டும், கத்தோலிக்கராக வளர வேண்டும் என்று ஏற்பாடு. 1648இல் ஷாபோவுக்காகப் புதிய அரச ஆணை எழுந்தது. அது பாரிஸ் பார்லமானில் (அன்றைய உயர் நீதிமன்றம்) பதிவானது 1652இல். பதிவாகாத வரை பேர் தகுதி முழுமை பெறாது. ஆணை நாளை மட்டும் பார்த்து எழுதுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான்.

இந்தத் திருமணத்தில் கொதித்த மார்கெரித்தின் தாய், மறைத்து வளர்த்த தாங்கிரெத் என்ற பையனைத் தன் மகன் என்று முன்னிறுத்தினார். அது நிலைத்திருந்தால் நிலம், பட்டம் இரண்டும் அவனுக்கு. 1646இல் பார்லமான் அவனுக்கு அந்தப் பெயரையே தடை செய்தது. 1649இல், அரசவைக்கு எதிரான ஃப்ராந்து கலகத்தில், பதினெட்டு வயதில் செத்தான். அந்தத் தீர்ப்பில் வாரிசுரிமையைவிட அரசியலே கூடுதலாக எடை போட்டது என்பது என் கருத்து. புராட்டஸ்டண்ட் தலைவரின் சொத்து கத்தோலிக்கர் கைக்குப் போவது அரசவைக்கு வசதி.

ஆண்வழி ரோஹான்களான கெமெனே கிளையினர், ஷாபோக்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துவதை எதிர்த்து வழக்காடி 1704இல் தோற்றார்கள்.

ஆகவே வம்சாவளி பார்க்கும்போது 1638, 1645, 1648, 1652 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் மண், பெயர், பட்டம் யாரிடம் இருந்தன என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். 1638 முதல் 1648 வரை ரோஹான் டியூக் என்று யாரையாவது காட்டினால் அந்தப் படத்தை நம்ப வேண்டாம். பிரிட்டனியில் ஊஸ்த் ஆற்றங்கரையில் இருக்கும் ரோஹான்களின் ஜோஸ்லேன் கோட்டை இன்றும் ஷாபோ வழியினரிடம்தான் இருக்கிறது. ஆண்வழி ரோஹான் கிளை ஒன்று பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பொஹீமியாவுக்கு (இன்றைய செக் நாட்டுப் பகுதி) போய், 1820இல் சிக்ரோவ் கோட்டையை விலைக்கு வாங்கிக் குடியேறியது.