பிரிந்து போகாத மாநிலங்களின் அடிமைகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றித் தமிழில் பேச்சு எழுந்தாலே எல்லோர் மனத்திலும் ஒரே வரைபடம்தான் விரிகிறது. வடக்கே விடுதலை, தெற்கே அடிமைத்தனம், நடுவில் லிங்கன். அந்த வரைபடத்தில் டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசோரி ஆகிய நான்கு மாநிலங்களுக்கு இடமே கிடையாது. நான்கிலும் அடிமை முறை சட்டப்படி நடந்தது. ஆனால் தென் மாநிலங்களைப் போல இந்த நான்கும் அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து போகவில்லை. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவற்றில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இன்னொருவரின் சொத்தாக இருந்தார்கள். கென்டக்கியில் மட்டும் 2,25,483 பேர்.

பிரிந்து போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்த மாநிலங்களின் ஆட்சியாளர்களை நியாயத்தின் பக்கம் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தங்கியது மனசாட்சிக்காக அல்ல, கணக்குப் பார்த்து.

கென்டக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹையோ ஆற்றுக்கு அக்கரையில் அடிமை முறை இல்லாத மாநிலங்கள். தப்பி ஓடியவரைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் கடமையை 1850ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சி அரசின் தலையில் வைத்திருந்தது. பிரிந்தால் அந்தச் சட்டம் அக்கரையில் செல்லாது. தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பாத கனடாவின் எல்லையே ஒஹையோ ஆற்றங்கரைக்கு இறங்கி வந்ததுபோல் ஆகிவிடும். இந்த வாதத்தை அன்றைய ஒன்றிய ஆதரவாளர்களே ஒளிவு மறைவின்றிப் பேசினார்கள். அடிமைகளைக் காப்பாற்றிக்கொள்ள அமெரிக்க அரசமைப்புச் சட்டமே சிறந்த வேலி என்பது அவர்கள் கட்சி.

1861 மே மாதம் கென்டக்கி நடுநிலை அறிவித்தது. ஒன்றியத்துக்கும் பிரிந்த கூட்டமைப்புக்கும் இடையே நடுநிலை, சரி. அடிமைக்கும் எசமானுக்கும் இடையே? அந்தக் கேள்வியை அங்கே எந்த அவையும் எடுக்கவில்லை. செப்டம்பரில் தென்னகப் படை கென்டக்கியின் கொலம்பஸ் நகரைப் பிடித்ததும் அந்த நடுநிலையும் முடிந்துபோனது.

மேரிலாந்தின் கதை வேறு. 1861 ஏப்ரல் 19 அன்று அதன் பால்டிமோர் நகரத் தெருக்களில் ஒன்றியத்தின் மாசசூசெட்ஸ் படையினரைக் கூட்டம் தாக்கியது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அதன் பிறகு, காரணமின்றிச் சிறையில் வைப்பதைத் தடுக்கும் ஆள்கொணர்வு மனு உரிமை நிறுத்தம், கைதுகள் என்று லிங்கன் இரும்புக் கையுடன் அந்த மாநிலத்தைப் பிடித்து வைத்தார். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அவர்கள் எழுதாமல் விடுவது லிங்கன் விட்டுக்கொடுத்ததை. 1861 ஆகஸ்ட் 30 அன்று, மிசோரியில் கிளர்ச்சியாளர்களுக்குச் சொந்தமான அடிமைகள் விடுதலை என்று தளபதி ஃப்ரெமாண்ட் அறிவித்தார். செய்தி கேட்ட கென்டக்கித் தன்னார்வப் படைப் பிரிவொன்று ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டுக் கலைந்தது. லிங்கன் அறிவிப்பின் அந்தப் பகுதியை ரத்து செய்தார். கென்டக்கியை இழப்பது ஆட்டம் முழுவதையும் இழப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம் என்று நண்பர் பிரவுனிங்குக்கு எழுதினார்.

அது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வர்ஜீனியா ஏற்கெனவே போயிருந்தது. மேரிலாந்தும் போயிருந்தால் வாஷிங்டன் நகரம் எதிரி மண்ணின் நடுவே சிக்கியிருக்கும். ஆனால் இதை லிங்கன் கொடுத்த விலை என்று எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. விலையைக் கொடுத்தவர்கள் கென்டக்கியின் வயல்களில் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

பணம் கொடுத்து மீட்கவும் லிங்கன் முயன்றார். டெலவேரில் இருந்தவர்கள் 1,798 அடிமைகள்தான். தலைக்கு 400 டாலர் தருகிறோம், படிப்படியாக விட்டுவிடுங்கள் என்பது திட்டம். போரின் அரை நாள் செலவுகூட ஆகாது என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். நான்கு மாநிலங்களோடு தலைநகரையும் சேர்த்தால் 87 நாள் செலவு. டெலவேரில் திட்டம் வாக்கெடுப்பு வரைகூட வரவில்லை. 1862 ஜூலை 12 அன்று எல்லை மாநிலங்கள் எனப்படும் இவற்றின் நாடாளுமன்ற உறுப்பினர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து மன்றாடினார், பெரும்பான்மையோர் மறுத்துவிட்டார்கள். கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்திய 1863இன் விடுதலைப் பிரகடனம் வந்தபோது இந்த மாநிலங்களின் அடிமைகள் அதற்கு வெளியே நின்றார்கள்.

ஆகவே அவர்கள் தாங்களாகவே நடந்தார்கள். 1864இல் படையில் சேர்ந்தால் விடுதலை என்றதும் கென்டக்கியில் 23,000க்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்கள் சேர்ந்தார்கள். விடுதலை அவர்களுக்கு மட்டும்தான். மனைவியும் பிள்ளைகளும் எசமானின் உடைமையாகவே இருந்தார்கள்.

ஜோசப் மில்லர் என்ற சிப்பாய் 1864 நவம்பரில் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. நீ படையில் சேர்ந்தால் உன் குடும்பத்துக்குச் சோறு போட மாட்டேன் என்று எசமான் சொன்னதால், மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் கேம்ப் நெல்சன் முகாமுக்குக் கூடவே அழைத்து வந்தார். ஒரு நாள் உறையும் குளிரில் முகாமிலிருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். ஏழு வயது மகனுக்கு உடம்பு சரியில்லை, வெளியே கொண்டுபோனால் செத்துவிடுவான் என்று காவலாளியிடம் கெஞ்சினார். வண்டியில் ஏறாவிட்டால் சுடுவேன் என்றான் அவன். அன்று இரவு ஆறு மைல் நடந்து குடும்பத்தைக் கண்டுபிடித்தபோது பையன் இறந்து கிடந்தான். முகாமுக்குத் திரும்பியே ஆக வேண்டும், திரும்பினார். மறுநாள் காலை மறுபடி நடந்துபோய்த் தன் கையாலேயே குழி வெட்டிப் பிள்ளையைப் புதைத்தார். துப்பாக்கியை நீட்டிய காவலாளி தென்னகத்தான் அல்லன். மில்லர் அணிந்திருந்த அதே ஒன்றியப் படைச் சீருடை.

அப்படி வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 400 பெண்களும் குழந்தைகளும். நூறு பேர் வரை இறந்தார்கள். அந்தக் கொடுமை வெளியே வந்த பிறகுதான், 1865 மார்ச் 3 அன்று, படைவீரர்களின் மனைவி மக்களுக்கு விடுதலை தரும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது.

அதற்குள் மேரிலாந்தும் மிசோரியும் தாங்களே அடிமை முறையை ஒழித்துவிட்டிருந்தன. டெலவேரும் கென்டக்கியும் நாடு முழுவதும் அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது அரசமைப்புத் திருத்தத்தை 1865 பிப்ரவரியில் நிராகரித்தன. டெலவேர் அதை 1901இல் ஏற்றது, கென்டக்கி 1976இல். டெக்சாஸில் விடுதலை அறிவிக்கப்பட்ட 1865 ஜூன் 19ஐ இப்போது நம்மவர்களும் நினைவுகூர்ந்து பதிவிடுகிறார்கள். மகிழ்ச்சி. அந்த நாளில் கென்டக்கியிலும் டெலவேரிலும் மனிதர்கள் இன்னும் சட்டப்படி அடிமைகள். அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வர டிசம்பர் ஆனது. அடுத்த ஜூனில் எழுதுகிறவர்கள் அந்த ஆறு மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.