சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் 61 வயதுவரை சும்மா இருக்கவில்லை

‘61 வயதில் முதல் படம், அதற்கே ஆஸ்கர் பரிந்துரை’ என்று ஹாலிவுட் நடிகர் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டின் படத்தைப் போட்டு, கனவுக்கு வயதில்லை என்று எழுதிப் பகிர்கிறார்கள். தகவல் சரிதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. 1941இல் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்துக்காகக் கேமரா முன் நின்றவர், ஏறக்குறைய 40 ஆண்டுகள் மேடையில் பாடுபட்டவர். அத்தனை உழைப்பையும் மறைத்துவிட்டு அவரை அதிர்ஷ்டக்காரக் கிழவராகக் காட்டுவது அநியாயம்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள சாண்ட்விச் என்ற சிற்றூரில் 1879இல் பிறந்தார். பதினெட்டு வயதில், தேயிலையில் பணம் சேர்க்கலாம் என்று இலங்கைக்குக் கப்பலேறினார். மழை பொய்த்தது, ஊர் திரும்பிவிட்டார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். என்னால் முடியவில்லை. அதே காலத்தில் இலங்கை மலைகளில் கொழுந்து பறித்த நம் மக்களுக்கு அப்படிக் கிளம்பிப் போக வழி இருந்ததா? கங்காணியிடம் பட்ட கடன் துண்டுச் சீட்டில் ஏறியிருக்கும். இன்னொரு தோட்டத்துக்கு மாறினாலும் அந்தக் கடன் கூடவே வரும். துண்டு முறை ஒழிய 1921 ஆயிற்று. இதில் கிரீன்ஸ்ட்ரீட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வறட்சியைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஊருக்குப் போனவர் மதுபான ஆலை ஒன்றில் நிர்வாகியாக இருந்தார். சலிப்புத் தாங்காமல் நடிப்பு கற்கத் தொடங்கினார். 1902இல் ராம்ஸ்கேட் நகரத்தில், ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகம் ஒன்றில் கொலைகாரன் வேடத்தோடு முதல் மேடை. பிறகு பென் கிரீட்டின் ஷேக்ஸ்பியர் குழுவோடு அமெரிக்கா போனார், அந்த நாட்டிலேயே நிலைத்துவிட்டார். ஷேக்ஸ்பியர், இசை நாடகம், நகைச்சுவை என்று எல்லாவற்றிலும் நடித்தார். 1930களில் ஆல்ஃபிரட் லண்ட், லின் ஃபான்டான் என்ற நடிகத் தம்பதியின் நாடகங்களில் தவறாமல் இருந்தார். சினிமா வாய்ப்புகள் வராமல் இல்லை, அவர்தான் மறுத்துக்கொண்டிருந்தார்.

ஜான் ஹியூஸ்டன் இயக்கிய முதல் படமான ‘தி மால்டீஸ் ஃபால்கன்’தான் அவரை மசிய வைத்தது. சுமார் 135 கிலோ எடையுள்ள அந்த உடம்பைக் கேமரா தாழ்வான கோணத்திலிருந்து பார்க்கிறது. திரை முழுக்க வயிறு. ஆனால் நடிப்பு வயிற்றில் இல்லை. அவருடைய பாத்திரம் விலைமதிப்பற்றது என்று நம்பித் தேடி அலைந்த கறுப்புப் பறவைச் சிலை கைக்கு வந்ததும் பேனாக்கத்தியால் சுரண்டுகிறாரே, அந்தக் காட்சியைப் பாருங்கள். உள்ளே ஈயம்தான் என்று தெரிகிறது. 17 ஆண்டுத் தேடல் பாழ். முகம் தொய்ந்துபோகிறது. சில நொடிகளில் தன்னைத் திரட்டிக்கொண்டு, சிரித்து, இன்னும் ஓர் ஆண்டு தேடினால் போயிற்று என்று கிளம்ப ஆயத்தமாகிவிடுகிறார். இடிந்து போவதிலிருந்து சிரிப்பு வரைக்கும் இத்தனை படிகளை இவ்வளவு சிறிய நேரத்தில் கடக்க மேடைப் பழக்கம் வேண்டும். அப்படிப்பட்டவரே படப்பிடிப்பின் தொடக்கத்தில் பதற்றத்தில் தன் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் என்று உடன் நடித்த மேரி ஆஸ்டர் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து அவர் மேல் என் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

அந்த ஆண்டு ஆஸ்கர் டொனால்ட் கிரிஸ்ப்புக்குப் போனது. அவரும் இங்கிலாந்திலிருந்து வந்த குணச்சித்திர நடிகர்தான்.

1942இல் வந்த ‘காசாபிளாங்கா’வில் கிரீன்ஸ்ட்ரீட்டுக்குச் சில நிமிடங்களே. கள்ளச்சந்தை வியாபாரி ஃபெராரி. நாடு விட்டுத் தப்பத் துடிக்கும் தம்பதிக்கு லாபம் கருதாமல் ஒரு துப்புச் சொல்கிறார், பிறகு மட்டையால் ஈ அடிக்கிறார். அந்த ஆளின் நல்ல குணம் எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்று அந்த ஓர் அடியிலேயே தெரிந்துவிடுகிறது. கதாநாயகர்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. இவர்களுக்கு இவ்வளவுதான் கிடைக்கிறது. அதனால்தான் குணச்சித்திர நடிகர்களை நான் ஒரு படி மேலே வைக்கிறேன்.

எட்டே ஆண்டுகளில் 24 படங்கள், அவற்றில் 9 நடிகர் பீட்டர் லோரேயுடன். நீரிழிவும் சிறுநீரக நோயும் வாட்ட, 1949இல் ‘மலாயா’வோடு திரையை விட்டு விலகினார். 1954இல் இறந்தார். இடையில் 1950–51இல் வானொலியில் துப்பறிவாளர் நீரோ உல்ஃபாக நடித்தார். வீட்டை விட்டு வெளியே வர விரும்பாத பெருத்த மனிதர் வேடம், குரல் மட்டுமே. அந்த ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்றையாவது கேளுங்கள். எதிராளி பேசும்போது அவர் தொண்டைக்குள்ளேயே ஒரு உறுமல் உறுமுவார், அதைத் தவறவிடாதீர்கள்.