அந்த டெர்மினலுக்குள் ஒன்றுமே இல்லையாம்

வெள்ளிக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், வாட்ஸ்அப்பில் படம்கூடச் சுற்றியது, அதனால் முழுக்கதையையும் மறுபடி சொல்லவில்லை. நம் ஆபீஸ் ஸ்டோர் ரூமை இளைஞர்கள் காலி செய்தது தப்பில்லை. இடம் வேண்டும், புரிகிறது. அந்த வி.டி. 220 டெர்மினலை ஈ-வேஸ்ட் வண்டியில் ஏற்றிவிட்டு, "திறந்து பார்த்தோம் சார், உள்ளே ஹார்ட் டிஸ்க்கே இல்லை, இதைப் போய் இத்தனை வருஷம் வெச்சிருந்தீங்களா" என்று சிரித்தார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டெர்மினலுக்கு எதற்கு ஹார்ட் டிஸ்க்? டிஸ்க்கும் மெமரியும் வேறு அறையில் இருக்கும் மெஷினில் இருந்தன. ஒரே மெஷினில் பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தோம், அதற்கான திரையும் கீபோர்டும்தான் அது. சிரித்தவர் காலையில் வந்ததும் என்ன செய்கிறார்? ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, எங்கோ இருக்கிற சர்வருக்குள் எஸ்.எஸ்.ஹெச். (தூரத்து மெஷினுக்குள் பூட்டிய வழியாக நுழைகிற புரோகிராம்) போட்டு நுழைகிறார். அந்த ஜன்னல் பெரும்பாலும் 80 எழுத்து அகலம், 24 வரி உயரத்தில்தான் திறக்கும். 1978-இல் வந்த வி.டி. 100 டெர்மினலின் அளவு அது. அந்த 80 இன்னும் பழசு, 1928-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த பஞ்ச் கார்டிலிருந்து (துளை போட்டுத் தகவலைப் பதிக்கும் அட்டை) வருவது. கர்சரை நகர்த்தவும் திரையைத் துடைக்கவும் இன்றைக்கும் போகிற குறியீடுகள் அந்த டெர்மினல்களுடையவை. தூக்கி எறிந்த பெட்டியைப் போலவே நடிக்கிற ஒரு மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

இது பழைய நினைப்பில் உருகுவது இல்லை. இன்றைக்கு ஓடுகிற விஷயத்தைப் பற்றிப் பேசுகிறேன். 1969-இல் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சன் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுத ஆரம்பித்த பி.டி.பி-7 கம்ப்யூட்டரின் மெமரி 20 கிலோபைட்டைக்கூடத் தொடாது. அவ்வளவு குறுகலான இடத்தில் எழுதியதால்தான் ஒவ்வொரு புரோகிராமும் சின்னதாக, ஒரே வேலையைச் செய்வதாக வந்தது. அப்புறம் அங்கேயே இருந்த டக் மெக்கில்ராய் விடாமல் கேட்டுக் கேட்டு 1973-இல் பைப் வந்தது. ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குள் போகும், அவ்வளவுதான் விஷயம். இன்றைக்கும் லாக் ஃபைலில் ஒரு எர்ரரைத் தேட கிரெப் (தேட), சார்ட் (வரிசைப்படுத்த), யூனிக் (அடுத்தடுத்து ஒன்றாக வரும் வரிகளைச் சேர்க்க) மூன்றையும் கோத்துத்தானே போடுகிறீர்கள்? வி.ஐ. எடிட்டரில் கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் எதற்கு என்று கேட்கிறார்கள். பில் ஜாய் அதை எழுதிய ஏ.டி.எம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த நாலு கட்டைகளின் மேலேயே அச்சடிக்கப்பட்டிருந்தன. எஸ்கேப் கட்டை இன்றைய டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஹார்டுவேரைப் பார்க்காமல் இதெல்லாம் எப்படிப் புரியும்?

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. ஸ்லாக்வேர் லினக்ஸை ஃபிளாப்பி ஃபிளாப்பியாகப் போட்டு ஏற்றிய ஆள் நான். கடைசி செட்டில் ஒரு ஃபிளாப்பி கெட்டுப் போயிருக்கும், டிரைவ் கரகரவென்று ஒரே இடத்தில் நின்றுகொண்டு இழுக்கும், அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும் இன்றைய ராத்திரி போச்சு என்று. எல்லாம் முடிந்து, திரையில் ஜன்னல்களைக் காட்டுகிற எக்ஸ் விண்டோவுக்கு வந்தால் மானிட்டரின் சிங்க் அலைவரிசையை நாமே கையால் எழுத வேண்டும். தப்பான எண்ணைக் கொடுத்தால் மானிட்டர் வீல் என்று கத்தும், திரை கோணல்மாணலாகக் கிழியும், அது எரிந்து போவதற்குள் கண்ட்ரோல்-ஆல்ட்-பேக்ஸ்பேஸை அடிக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் மானிட்டர் எப்படிப் படம் வரைகிறது என்று உட்கார்ந்து படித்தேன். வேறு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"அப்போ கம்ப்யூட்டர் நாலு பேருக்குத்தான் சொந்தம், மவுஸ் வந்த பிறகுதான் எல்லோர் கைக்கும் வந்தது" என்பார்கள். சரி, உண்மை, ஒத்துக்கொள்கிறேன். எஸ்.எஸ்.ஹெச்.-க்கு முன்னால் பயன்படுத்திய டெல்நெட்டில் பாஸ்வேர்டு மூடாமல் கொள்ளாமல் அப்படியே போனது, அதுவும் உண்மை. யாரும் உங்களைப் பழைய மெஷினில் வேலை செய்யச் சொல்லவில்லையே.

"வயசானவர் புலம்பல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் புலம்பவில்லை. உங்களுக்குக் கட்டளை அடிக்கிற ஷெல்லைச் சொல்லிக் கொடுத்தது யார்? ராத்திரி சர்வர் விழுந்தால் போன் யாருக்கு வருகிறது? 2011 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் போனபோது உலகமே அழுதது, அழ வேண்டியதுதான். அதே மாதத்தில் ஒரு வாரம் கழித்து டென்னிஸ் ரிட்சி போனார். சி மொழியைத் தந்தவர், தாம்ப்சனோடு யூனிக்ஸைக் கட்டியவர். ஜாப்ஸின் போனுக்குள் ஓடுவதும் அந்த வம்சம்தான். எத்தனை பேர் கவனித்தோம்? இப்போது அந்தப் பெட்டியும் வண்டியேறிவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். கேட்கக்கூடத் தோன்றவில்லை, அதுதான் வலிக்கிறது.

"விடுங்க சார், ஒரு பழைய மானிட்டருக்கா இவ்வளவு" என்று எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன், அது மானிட்டர் இல்லை, நான் விடப் போவதும் இல்லை. ஸ்டோர் ரூமில் இன்னும் மேனுவல்களும் ஒரு டேப் டிரைவும் இருக்கின்றன. அவற்றில் கை வைப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள். சனிக்கிழமையே வந்து எடுத்துக்கொள்கிறேன்.